மண்ணிறப் பட்டிக்கு ஒரு சத்தம் குறைவு

கோட்டையிலிருந்து வரும் பின்னேர ரெயில் பம்பலப்பிட்டியை விட்டுக் கிளம்பும் ஓசை கேட்டதும் கனகேஸ்வரி அடுப்பைக் குறைத்துவிட்டுக் கடற்பக்கத்து யன்னலுக்கு முன்னால் போய் நிற்பார். இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே. வலக்கை இடுப்போடு இறுகியிருக்கும். வீட்டுச் சட்டைக்கு மேலே ஊதாநிறக் கராத்தேப் பட்டி கட்டியிருப்பார். எஞ்சின் வந்து, பெட்டிகள் தடதடக்க, யன்னற் கண்ணாடி நடுங்கத் தொடங்கியதும் வலக்கை முன்னே பாயும், வாய் அகலத் திறக்கும். கடைசிப் பெட்டி தெகிவளைப் பக்கம் போய் மறைவதற்குள் வாய் மூடிவிடும்.

“கேட்டுதோ?” என்று திரும்பாமலே கேட்பார்.

“ரெயில் கேட்டுது” என்பார் கணவர் இராசரத்தினம், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

கனகேஸ்வரிக்கு வயது நாற்பத்தொன்பது. கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேற்றர். மூன்று மொழியிலும் வணக்கம் சொல்லி, மூன்று மொழியிலும் “ஒரு நிமிசம் லைனில இருங்கோ” என்று சொல்வதுதான் வேலை. குரல் அப்படியொரு குரல். வாகனம் மோதுப்பட்டு, பணம் கிடைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு போன் எடுக்கிறவர்கள்கூட அந்தக் குரலில் இரண்டு வசனம் கேட்டால் தாங்கள் எதற்காகக் கோபப்பட்டோம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆளைக் காணாதவர்கள் இருபத்தைந்து வயதுப் பெண் என்று நினைத்துக் கலியாணப் பேச்சு வரைக்கும் போயிருக்கிறார்கள். ‘இவவுக்குச் சம்பளம் குடுக்கிறதே சத்தம் போடாமல் இருக்கிறதுக்குத்தான்’ என்பது இராசரத்தினத்தின் கட்சி. அவர் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணிக்குக் கிளாக்காக இருக்கிறார். வீட்டுக்கு வெளியே வாயைத் திறக்கமாட்டார், வீட்டுக்குள் மூடமாட்டார்.

கனகேஸ்வரியைக் கராத்தேக்கு அனுப்பியது சீனி வருத்தம். தினமும் நடக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். சொல்வதற்கென்ன, அவர் சொல்லிவிட்டார். காலி வீதியில் கனகேஸ்வரி நடந்தால் சந்திக்குச் சந்தி சென்றி என்ற சோதனைச்சாவடி. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு “கொஹேத யன்னே?” என்பார்கள், எங்கே போகிறாய் என்று. எங்கேயும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்று இவர் அழகான சிங்களத்தில் பதில் சொல்வார். தொண்ணூறுகளின் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை எங்கும் போகாமல் நடக்கிறாள் என்பது எந்தச் சென்றியிலும் எடுபடக்கூடிய பதில் அல்ல. அப்படியானால் ஏன் சப்பாத்துப் போட்டிருக்கிறாய், ஏன் இவ்வளவு வேகம், போன மாதிரியே ஏன் திரும்பி வருகிறாய் என்று விசாரணை நீளும். ஒரு கிழமையில் டொக்டரிடம் திரும்பிப் போனார்.

“டொக்டர், இந்த நடையால சீனி குறையுதோ தெரியேல்ல. பிறஷர் வந்திடும் போல கிடக்கு.”

வெள்ளவத்தையில் அவர்களுடைய வீட்டுக்கு நேரெதிரே, ஒழுங்கையின் மறுகரையில், ஒரு ரியூசன் வகுப்பின் மேல்மாடி மண்டபம். சனி, ஞாயிறு விடியற்புறம் அங்கே வாங்குகளை ஒதுக்கிவிட்டு மஷூர் கராத்தே பழக்குகிறார். மஷூர் மார்க்கற்றில் திரைச்சீலைத் துணி விற்கிறவர். முப்பத்தைந்து வயது, தொப்பை இல்லை, கோபம் இல்லை. கனகேஸ்வரிக்கு அந்த மண்டபத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்கும் அதற்கும் இடையில் சென்றி இல்லை. மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கலாமா என்று கேட்கத்தான் முதலில் போனார். “சுத்தி நடந்தா புள்ளையளுக்குத் தலை சுத்தும் அக்கா, நீங்களும் வரிசையில நில்லுங்களே” என்றார் மஷூர். கனகேஸ்வரி நின்றார். மூன்று வருஷத்தில் வெள்ளை, மஞ்சள், பச்சை, ஊதா என்று வந்துவிட்டார். சீனியும் இறங்கியது.

இப்போது முருங்கைக்காய் வெட்டும்போதும் “இச்சி, நி, சான்” என்று யப்பான் கணக்கில்தான் வெட்டுவார். படியேறும்போதும் அதே கணக்கு. கராத்தே உடுப்பை நீலம் போட்டுத் தோய்த்து, சோற்றுக் கஞ்சி போட்டு, தகரம் மாதிரி விறைக்க அயன் பண்ணுவார். அந்தச் சட்டைக் கையோடு ஒரு குத்து விட்டால் துணி ‘பட்’ என்று அடிக்கும். வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பெரிய பிரமிப்பு. மஷூருக்கு மட்டும் கவலை.

“அக்கா, ஒங்கட சட்டதான் சத்தம் போடுது. நீங்க போடல்ல.”

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரேடிங் நடக்கும். அடுத்த பட்டி கிடைக்குமா இல்லையா என்று சோதிக்கும் நாள் அது. தலைமைப் பரீட்சகர் ரணவீர நுகேகொடையிலிருந்து வருவார். வெள்ளைத் துணி விரித்த மேசை, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பேனை. சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. முடிவை எல்லோரும் செய்து முடித்த பிறகுதான் வாசிப்பார். அதுவரைக்கும் அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகள் பட்டி நிறப்படி வரிசையில் நிற்பார்கள். முதலில் குத்து, தடுப்பு, உதை. பிறகு இரண்டிரண்டு பேராக மோதல். கட்டளைகள் முழுக்க யப்பான் மொழியில். தமிழருக்கும் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒரே அளவுக்குத் தெரியாத மொழி அது என்பதால் மண்டபத்தில் நல்ல சமாதானம் நிலவும். கடைசியில், கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு ஒழுங்குவரிசைப்படி தனியே அடிபட்டுக் காட்டவேண்டும். அதற்குக் கட்டா என்று பெயர். ஒரு கட்டாவில் இரண்டு இடத்தில், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரவேண்டும். அதைக் கியாய் என்கிறார்கள்.

சின்னப் பட்டிகளுக்குச் சத்தம் குறைந்தாலும் ரணவீர விட்டுவிடுவார். மண்ணிறப் பட்டிக்கு விடமாட்டார். மண்ணிறத்துக்கு அடுத்தது கறுப்பு, அது விளையாட்டல்ல.

முதல்முறை கனகேஸ்வரி வாயைத் திறந்தார், காற்று வந்தது. யாரோ பாவப்பட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாம்முறை சத்தம் வந்தது; ஆனால் அது ஒப்பரேற்றர் சத்தம். மெதுவாக, மரியாதையாக, கடைசியில் கொஞ்சம் இழுத்து, “ஏ...ய்” என்றார். பின்வரிசையில் நின்ற ஒரு மஞ்சள் பட்டிக்காரி தன்னையறியாமல் “ஹலோ” என்று பதில் சொல்லிவிட்டாள். மண்டபம் சிரித்தது. கனகேஸ்வரியும் சிரித்தார். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

லண்டனிலிருந்து மகள் நளாயினி போன் எடுத்தாள். “அம்மா, எனக்கு ஒருக்கா கத்திக் காட்டுங்கோ பாப்பம்.”

“பக்கத்து வீட்டுச் சனம் நித்திரை பிள்ளை” என்றார் கனகேஸ்வரி. அப்போது பின்னேரம் நாலு மணி.

நளாயினிக்கு மூன்று வயதாக இருந்தபோதுதான் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் தங்கள் சாமான் அறைக்குள் இவர்கள் மூன்று பேரையும் விட்டுக் கதவைப் பூட்டி, கதவுக்கு முன்னால் அலுமாரியை இழுத்து வைத்தது. வெளியே ஒழுங்கையில் ஆட்கள் ஓடுகிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம். குழந்தை அழ வாயெடுத்தது. கனகேஸ்வரி அதன் வாயைப் பொத்தினார். மூச்சு முட்டிய குழந்தை கையைக் கடித்தது, இரத்தம் வரக் கடித்தது. கனகேஸ்வரி ‘ஸ்’ என்றுகூடச் சொல்லவில்லை. பொழுதுபடும் வரைக்கும் அப்படியே இருந்தார்கள். உயிர் தப்பியது. வீட்டுச் சாமான்களில் ஒரு குடமும் நாலு கதிரைக் காலும் மிச்சம் கிடைத்தன.

அதற்குப் பிறகு பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் கதைக்கும்போது உதடு மட்டுமே அசையும். பாத்திரம் கைதவறி விழுந்தால் முதலில் யன்னலைத்தான் பார்ப்பார். பாவம், தொண்டைக்கு என்ன தெரியும்? சத்தம் போட்டால் வருவார்கள் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த தொண்டை அது. இப்போது வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து ‘கத்து’ என்றால் எப்படிக் கத்தும்? இது இராசரத்தினத்துக்கும் தெரியும். வாய் மூடாத மனிதர், இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பகிடி விடுவதில்லை.

ரெயில் யோசனை மஷூருடையது. “ஒங்க வீட்டடியால ரெயில் போகுதுதானே அக்கா. அந்தச் சத்தத்துக்குள்ள ஒங்கட சத்தத்தப் போடுங்க. ஒருத்தருக்கும் கேக்காது. பழகின பொறகு ரெயில விட்டுடலாம்.”

நல்ல யோசனைதான். கனகேஸ்வரி ரெயிலுக்குள் கத்தப் பழகினார். முதலில் முனகல், பிறகு ஏதோ ஒன்று, பிறகு உண்மையிலேயே ஒரு சத்தம். தொண்டை நோகிறது என்பதை வைத்துத்தான் அவருக்கே அது தெரிந்தது. ரெயிலை விடுகிற நாள் மட்டும் வரவில்லை. இன்றைக்கு விடுவோம், நாளைக்கு விடுவோம் என்று மூன்றாவது கிரேடிங் வந்துவிட்டது. மூன்றாம்முறையும் தவறினால் ஒரு வருஷம் மறித்துவைப்பார்கள் என்பது சங்கத்து விதி. கனகேஸ்வரி அதைவிட ஒரு படி மேலே போய்விட்டார்.

“இந்த முறையும் வராட்டி உடுப்பைக் கழட்டி வைச்சிடுவன்” என்றார், புறப்படும் காலையில். “சென்றிக்காரன் மறிச்சா அவனில பிழை சொல்லலாம். இது என்ர தொண்டை. இதுவும் என்னை மறிச்சுக்கொண்டு நிண்டா நான் ஆரிட்டப் போய் முறையிட?”

“சரி, வெளிக்கிடும்” என்றார் இராசரத்தினம். “கஞ்சி போட்ட உடுப்பு உம்மை விட்டிட்டே நடந்து போயிடும் போல கிடக்கு.”

அந்தமுறை கிரேடிங் கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வெள்ளவத்தை மண்டபத்தில் சோதனைக்காலக் கருத்தரங்கு. இருவரும் முச்சக்கர வண்டியில் போனார்கள். கனகேஸ்வரி சேலை கட்டியிருந்தார், உடுப்பு பையில். வழியில் ஒரு சென்றியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். இது என்ன என்று பொலிஸ்காரர் கேட்டார். கராத்தே உடுப்பு என்றார் கனகேஸ்வரி. யாருக்கு? எனக்குத்தான். பொலிஸ்காரர் நரைத்த தலையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் பையை மூடிக் கொடுத்துவிட்டார்.

மண்டபத்துத் தரையைப் பிள்ளைகள் விடியவே கழுவித் துடைத்திருந்தார்கள். கராத்தேத் தரையில் செருப்புக் கால் படக்கூடாது. ரணவீரவின் செருப்புக்கூட வாசலுக்கு வெளியே, பிள்ளைகளின் செருப்புகளோடு ஒன்றாகக் கிடந்தது. சுவரோரம் வாங்குகளில் பெற்றோர். பெரும்பாலும் தமிழர், கொஞ்சம் முஸ்லிம்கள். வெள்ளை உடுப்போடு இத்தனை இளசுகள் ஓரிடத்தில் கூடினால் வில்லங்கம் என்று மஷூர் முன்கூட்டியே பொலிசுக்குச் சொல்லிவைத்திருந்தார். அவர்கள் ஒரு பொலிஸ்காரரைப் படலையடியில் கதிரை போட்டு இருத்திவிட்டார்கள். காலை முழுக்க உள்ளே பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கத்தினார்கள். கூரைப் புறாக்கள் கலைந்து பறந்தன. படலைப் பொலிஸ்காரர் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு அரை நித்திரையில் இருந்தார். வெளியே மழை தூறியது.

கனகேஸ்வரியின் பெயர் கடைசியில்தான் வந்தது. குத்து, தடுப்பு, உதை, மோதல் எல்லாம் முடிந்திருந்தன. மேசைக்கு முன்னால் தனியே போய் நின்று தலைவணங்கினார். கட்டாவின் பெயரைச் சொன்னார். அதையும் இன்ன இலக்கத்துக்கு லைன் கொடுப்பது போலத்தான் சொன்னார். வாங்கில் இராசரத்தினம் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

தொடங்கினார். நன்றாகவே செய்தார். கஞ்சி உடுப்பு பட், பட் என்று அடித்தது. திரும்பினார், தடுத்தார், ஓரடி முன்னே வைத்துக் குத்தினார். முதலாவது கியாய் வரவேண்டிய இடம் அது. குத்து நின்றது. வாய் திறந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

என்ன நடக்கிறது என்று அவருக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது. உடம்பு ரெயிலுக்குக் காத்து நிற்கிறது. வீட்டில் எத்தனை மாதம், குத்தை நீட்டி, கண்ணாடி நடுங்கும்வரை பொறுத்து, பிறகுதான் கத்தியது. அந்தப் பழக்கம் இப்போது கொட்டாஞ்சேனையில் நின்று ரெயிலைத் தேடுகிறது. இங்கே தண்டவாளமே இல்லை. மின்விசிறி ஒன்று கிறீச்சிடுகிறது. யாரோ ஒரு பிள்ளை இருமுகிறது. ரணவீர பேனையின் மூடியைக் கழற்றுகிறார்.

கனகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. ரணவீர மேல் அல்ல. தன்னுடைய வாயைத் தான் திறப்பதற்கு ஒரு ரெயில் வரவேண்டியிருக்கிறதே என்ற கோபம். இந்த வயதில், இவ்வளவு பேருக்கு முன்னால், வாயை ஆவென்று திறந்துகொண்டு, வராத ரெயிலுக்கு நிற்கிறேனே என்ற வெட்கமும் அதோடு சேர்ந்தது. இரண்டும் அடிவயிற்றில் முட்டிக்கொண்டு மேலே வந்தன.

அவர் கத்தினார்.

அது எப்படி இருந்தது என்று கேட்டால் அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள். மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் ஆடியது என்று மஷூர் சத்தியம் பண்ணுகிறார். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தக் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டதாக இராசரத்தினம் சொல்கிறார். ஒரு சின்னப் பிள்ளை வீரிட்டு அழுதது.

அந்த அழுகைக்குள் வெளியே ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது. படலைப் பொலிஸ்காரர், துவக்கும் கையுமாக, செருப்பு வரிசையை மிதித்துச் சிதறடித்துக்கொண்டு, சப்பாத்தோடு மண்டபத்தின் நடுவுக்கே வந்துவிட்டார்.

“மொகத உனே? மொகத உனே?” என்ன நடந்தது என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

வாங்குகளில் ஒரு காரியம் நடந்தது. யாரும் யாருக்கும் சொல்லாமல், அத்தனை பெற்றோரும் ஒன்றாக எழும்பினார்கள். சட்டைப் பைகளுக்குள்ளும் கைப்பைகளுக்குள்ளும் கைகள் போயின. அடுத்த கணம் சுவரோரம் முழுக்க அடையாள அட்டைகள் நீட்டியபடி நின்றன. பொலிஸ்காரர் ஒருவரிடமும் கேட்கவில்லை. துவக்கைக் கண்டதும் கை தானாகவே போய்விட்டது. இராசரத்தினம் குடையைக் கீழே போட்டுவிட்டுத் தன் அட்டையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார்.

கனகேஸ்வரியின் கையும் இடுப்புக்குப் போய்த் தடவியது. கராத்தே உடுப்பில் பை கிடையாது. விரலில் தட்டுப்பட்டது ஊதாப் பட்டியின் முடிச்சு மட்டும்தான். காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாதபடியால் கையை மீண்டும் இடுப்போடு இறுக்கி, மற்றக் கையின் குத்தை நீட்டியபடி, நின்ற நிலை கலையாமல் நின்றார்.

வந்துவிட்டார்கள். சத்தம் போட்டால் வருவார்கள் என்று பயந்தது கடைசியில் நடந்தேவிட்டது. கனகேஸ்வரி வந்தவரைப் பார்த்தார். நளாயினியின் வயதுதான் இருக்கும். தொப்பி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மழை ஈரம் மூக்கு நுனியில் சொட்டியது. துவக்கை யார் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் தரைக்கும் கூரைக்குமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். இந்த மண்டபத்துக்குள்ளே ஆகக்கூடப் பயந்துபோயிருக்கிற ஆள் இந்தப் பொடியன்தான் என்று அவருக்குத் தெரிந்தது. எல்லா நாளும் வருகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று எண்ணுகிற அளவுக்கு அவர் விவரம் இல்லாதவர் அல்ல. ஆனால் இன்றைக்கு வந்தது இவ்வளவுதான். அப்பாடா என்றிருந்தது. பதினைந்து வருஷமாகத் தோளிலே ஏறியிருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது.

ரணவீர மேசையை விட்டு எழும்பாமலே சிங்களத்தில் சொன்னார், இது பரீட்சை, பயப்பட ஒன்றுமில்லை என்று. பொலிஸ்காரர் துவக்கைத் தாழ்த்தினார். யாரையோ கொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன் சேர் என்றார். சொல்லும்போதே அவருக்கு வெட்கச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துச் சுவரோரம் இருந்தவர்களும் மெல்ல மெல்லச் சிரித்தார்கள். அட்டைகளை உள்ளே வைக்கத்தான் இன்னும் துணிவு வரவில்லை.

ரணவீர மாணவர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மஷூர் அதைத் தமிழாக்கினார்.

“காலையில இருந்து நீங்க இத்தன பேர் கத்தினீங்களாம். இவரு கதிரைய உட்டு எழும்பினாரா எண்டு கேக்கிறாரு.”

பிறகு கனகேஸ்வரியைப் பார்த்து விரலால் சைகை காட்டினார் ரணவீர. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று அர்த்தம்.

“இன்னொண்டு இரிக்கி அக்கா” என்றார் மஷூர் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஓம், இரண்டாவது கியாய் இன்னும் பாக்கி. அது கட்டாவின் முடிவை அண்டி, ஒரு துள்ளலோடு வருவது. பொலிஸ்காரரோ போகவில்லை. மழைக்கு ஒதுங்கியவர் போல, வாசலடி வரைக்கும் பின்வாங்கி, தரையிலேயே நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். நின்ற இடம் கனகேஸ்வரியின் வழிக்கு நேரெதிரே. துள்ளி விழவேண்டிய இடத்துக்கும் அவருக்கும் ஒரு கை நீளம்தான் இடைவெளி. விலகச் சொல்வார்களா என்று இராசரத்தினம் ரணவீரவைப் பார்த்தார். ரணவீர யாரையும் விலகச் சொல்லவில்லை.

கனகேஸ்வரி தொடர்ந்தார். தடுப்பு, திருப்பம், உதை. வாசலை நோக்கித் திரும்பினார். எதிரே சீருடை, துவக்கு, வாய் பிளந்த ஒரு இளம் முகம். இந்தமுறை உடம்பு எதற்கும் காத்து நிற்கவில்லை. துள்ளினார், குந்தி விழுந்தார், விழும்போதே கத்தினார். வெள்ளவத்தையில் எத்தனையோ பெட்டிகளின் தடதடப்புக்குள் புதைத்து வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது போல இருந்தது. பொலிஸ்காரர் ஓரடி பின்னால் துள்ளி நிலைக்கதவில் முதுகை இடித்துக்கொண்டார்.

மிச்சம் நாலைந்து அசைவு. முடித்து, காலைச் சேர்த்து, மேசையைப் பார்த்துத் தலைவணங்கினார். ரணவீர வழக்கத்தை மீறினார். முடிவு வாசிக்கும் நேரம் வரைக்கும் பொறுக்காமல், பேனையை மூடிக்கொண்டு, “பாஸ்” என்றார்.

மஷூர் மேலே பார்த்து எதையோ முணுமுணுத்தார். பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். இராசரத்தினம் கைதட்டினார், கையில் இன்னும் அடையாள அட்டை இருந்தபடியால் அந்தத் தட்டல் பிளாஸ்ரிக் சத்தமாகக் கேட்டது. கண்ணைத் துடைத்தபோதும் அட்டையாலேயே துடைத்தார். கனகேஸ்வரிக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. காலையில் பாணில் ஒரு துண்டுகூட இறங்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

தன் இடத்துக்குப் போகத் திரும்பியவர் தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து மண்டபத்தின் நடுவரைக்கும், நடுவிலிருந்து திரும்ப நிலைக்கதவு வரைக்கும் சேற்றுச் சப்பாத்தின் தடங்கள். விடியக் கழுவிய தரை. கொஞ்ச நேரத்தில் முடிவு வாசிக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுப்போடு அங்கேதான் முழந்தாளிட வேண்டும். பொலிஸ்காரர் ஒன்றுமறியாமல், அடுத்து என்ன வரும் என்ற ஆவலோடு, இன்னும் தரையிலேயே நின்றார்.

கனகேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்று வலக்கையை நேரே நீட்டி, அவருடைய காலைச் சுட்டிக் காட்டினார்.

“மஹத்தயா, சப்பாத்து!”

ஐயா என்று மரியாதையாகத்தான் தொடங்கினார், ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் நின்றுவிட்டது. மஷூர் கண்ணை மூடிக்கொண்டார். பொலிஸ்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார், தடங்களைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே சிதறிக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் போய்க் குந்தி, துவக்கை இரண்டு முழங்காலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். இரண்டாவது சப்பாத்தும் கழன்று வெளியே போகும்வரை கனகேஸ்வரி நீட்டிய கையை இறக்கவில்லை.